போர்டு மாறினால் விண்டோஸ் யாருடையது?

கம்ப்யூட்டரில் பழுதான பாகத்தை மாற்றியதும் திரையின் மூலையில் முளைக்கும் அந்த மங்கலான வாசகம் சின்னத் தலைவலிதான். பெரியது வேறு இடத்தில் காத்திருக்கிறது.

சனிக்கிழமை மதியம். அண்ணா சாலையிலிருந்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் ஒரு ஸ்கூட்டர் ஊர்ந்து வருகிறது. கால் வைக்கும் பலகையில் கறுப்பு கேபினெட் ஒன்றை நிறுத்தி, இரண்டு முழங்கால்களாலும் இடுக்கிப் பிடித்தபடி ஓட்டி வருகிறார் ஒருவர். கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் சின்ன டி.டி.பி. கடைக்காரர். முந்தைய நாள் இரவு மழையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஐப்பசி முகூர்த்த வேலை மொத்தமும் அதற்குள்ளே இருக்கிறது.

மாடிப்படிக்குக் கீழே, ஓர் ஆள் நிற்கும் அகலத்தில் சர்வீஸ் கடை. மேசையில் ஸ்க்ரூ டிரைவர்கள், பழைய பெயின்ட் பிரஷ், பாதி குடித்த டீ. பையன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, தூசியைத் தட்டி, வேறொரு பவர் சப்ளையைச் செருகிப் பார்க்கிறான். ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது.

"போர்டு போச்சு சார்."

ஒரு மணி நேரத்தில் வேறு போர்டு ஏறுகிறது. ப்ராசஸர், ராம், ஹார்டு டிஸ்க் எல்லாம் பழையவையே. திரை எரிகிறது, ஃபைல்கள் அப்படியே இருக்கின்றன. கடைக்காரர் பர்ஸை எடுக்கும்போதுதான் வலது கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் இரண்டு வரி தலைகாட்டுகிறது: 'ஆக்டிவேட் விண்டோஸ்'.

"இது ஏம்ப்பா வருது? விண்டோஸ்தான் ஏற்கெனவே இருந்துச்சே?"

"அது பழைய போர்டோட போயிடுச்சு சார். ஒரிஜினல் போடட்டுமா, சாதா போடட்டுமா?"

தமிழ்நாட்டு சர்வீஸ் மேசைகளில் இந்தக் கேள்வி புதிதல்ல. இப்போது அடிக்கடி கேட்கக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் அது ஆளைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால், சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறை ப்ராசஸரோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் 2015, 2016 காலத்து கம்ப்யூட்டர்கள் இதில் தேறுவதில்லை. அதனால் கேபினெட்டையும் மானிட்டரையும் வைத்துக்கொண்டு போர்டு, ப்ராசஸர், ராம் மூன்றை மட்டும் மாற்றுகிறார்கள். செலவைக் குறைக்க நல்ல வழிதான். மாற்றிய பிறகு, காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் நம்மிடம் இருக்கிறதா, போய்விட்டதா என்ற கேள்வி வருகிறது.

2001-ல் தொடங்கிய கணக்கு

2001 அக்டோபர் 25-ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்.பி. வெளிவந்தது. அதற்கு முன்பெல்லாம் சி.டி.யும் அதன் உறையில் அச்சிட்ட எண்ணும் இருந்தால் எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போடலாம், கேட்க ஆளில்லை. எக்ஸ்.பி. அந்தக் கதவைச் சாத்தியது. கம்ப்யூட்டரின் பத்து உறுப்புகளைக் குறித்துக்கொண்டு, அவற்றிலிருந்து ஓர் அடையாள எண்ணைத் தயாரித்து, இன்டர்நெட் வழியாகவோ போன் வழியாகவோ மைக்ரோசாஃப்ட்டிடம் பதிவு செய்யச் சொன்னது. முப்பது நாள் அவகாசம். அதற்குப் பிறகு பல உறுப்புகளை ஒன்றாக மாற்றினால் மறுபடி பதிவு. போனில் நீளமான எண்ணை ஒப்பித்து, பதிலுக்கு வரும் எண்ணைத் தட்டச்சு செய்தவர்கள் இன்றும் அதைக் கோபத்தோடு நினைவுகூர்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பெரிய கம்பெனிகளுக்காகத் தயாரித்த எக்ஸ்.பி. பதிப்புக்கு ஆக்டிவேஷனே தேவையில்லை. அந்தப் பதிப்புக்கான கீ ஒன்று, எக்ஸ்.பி. கடைக்கு வருவதற்கு முன்பே வெளியே கசிந்துவிட்டது. 2002-ல் வந்த சர்வீஸ் பேக் 1-ல் அதை மைக்ரோசாஃப்ட் தடை செய்தது. அதற்குள் அது உலகத்தையே சுற்றி வந்திருந்தது.

விஸ்டா, விண்டோஸ் 7 எல்லாம் இதே சண்டையின் அடுத்தடுத்த சுற்றுகள். உண்மையான மாற்றம் 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது நடந்தது. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருந்த 25 எழுத்து ஸ்டிக்கர் காணாமல் போனது. கீ நேராக போர்டில் உள்ள பயாஸ் சிப்புக்குள் எழுதப்பட்டது. 2015-ல் விண்டோஸ் 10 இன்னும் ஒரு படி போனது. பலருக்குக் கீயே கிடையாது. 'இந்த போர்டு உள்ள கம்ப்யூட்டருக்கு உரிமம் உண்டு' என்று மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். அதற்குப் பெயர் டிஜிட்டல் லைசென்ஸ்.

எந்தெந்த உறுப்பை எவ்வளவு மாற்றினால் ஆக்டிவேஷன் போகும் என்ற துல்லியமான கணக்கை மைக்ரோசாஃப்ட் வெளியிடுவதில்லை. ஆனால் நடைமுறையில் தெரிந்தது ஒன்று: வண்டிக்கு சேஸிஸ் எண் எப்படியோ, விண்டோஸுக்கு மதர்போர்டு அப்படி.

[பெட்டிச் செய்தி] எதை மாற்றினால் என்ன ஆகும்?

ராம், கிராஃபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை: பொதுவாக ஒன்றும் ஆகாது.

ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி.: விண்டோஸை மறுபடி போட வேண்டியிருக்கும். கீ கேட்கும் திரையில் 'என்னிடம் கீ இல்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முன்பு ஹோம் இருந்தால் ஹோம், ப்ரோ இருந்தால் ப்ரோ என்று அதே பதிப்பைப் போடுங்கள். நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். பதிப்பு மாறினால் ஆகாது. பாதிப் புகார்களின் மூலம் இதுதான்.

ப்ராசஸர் மட்டும்: ஆக்டிவேஷன் பெரும்பாலும் தப்பிக்கும். ஆனால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் வேறொரு சிக்கல் உண்டு, அது கீழே.

மதர்போர்டு: மைக்ரோசாஃப்ட் பார்வையில் இது வேறு கம்ப்யூட்டர்.

பில்லில் எழுதாத மூன்று சாதிகள்

டி.டி.பி. கடைக்காரருக்கு உரிமம் போய்விட்டதா, இருக்கிறதா என்பதை அவர் வாங்கிய விண்டோஸ் எந்த வகை என்பதுதான் முடிவு செய்யும். மூன்று வகை உண்டு.

முதலாவது ஓ.ஈ.எம். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வருவது. டெல், ஹெச்.பி., லெனோவா என்று எந்த பிராண்டு லேப்டாப் வாங்கினாலும் உள்ளே இருப்பது இதுதான். விலை குறைவு, காரணம், அந்தக் கம்ப்யூட்டரோடு பிறந்து அதோடு சாக வேண்டும் என்பது நிபந்தனை. போர்டு பழுதாகி, தயாரிப்பாளர் அதே மாடலையோ இணையானதையோ மாற்றிக் கொடுத்தால் உரிமம் தொடரும். நீங்களாக வேகமான போர்டுக்கு மாறினால் தொடராது. போர்டு 'செத்து' மாற்றினீர்களா, 'ஆசைப்பட்டு' மாற்றினீர்களா என்பதைப் பொறுத்து ஒருவருடைய சொத்து இருப்பதும் இல்லாததும் முடிவாகிறது. கேட்கவே விசித்திரமாக இருந்தாலும் விதி இதுதான்.

இரண்டாவது ரீடெய்ல். தனியாகக் காசு கொடுத்து வாங்குவது. அமெரிக்காவில் விண்டோஸ் 11 ஹோம் பதிப்பின் பட்டியல் விலை 139 டாலர். விலை அதிகம் என்றாலும் இதைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப் புதியதில் போடலாம். ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும் இருக்க வேண்டும்.

மூன்றாவது வால்யூம். கம்பெனிகளும் கல்லூரிகளும் மொத்தமாக வாங்குவது. அவற்றில் ஒரு முறையில், நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு சர்வர் மற்ற கம்ப்யூட்டர்களை ஆக்டிவேட் செய்யும். குறைந்தது 25 கம்ப்யூட்டர்களாவது அதைத் தொடர்பு கொண்டால்தான் அது வேலையைத் தொடங்கும்; ஒருமுறை கிடைத்த அனுமதி 180 நாளைக்குத்தான் செல்லும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும்.

உங்களுடையது எது என்று பார்க்க ஒரு சிறு கட்டளை போதும். சர்வீஸ் பையனிடம் 'இது என்ன சேனல், பார்த்துச் சொல்லுப்பா' என்றால் ஒரு நிமிட வேலை. ஒரே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் மளிகைக் கடையில் அது 'வால்யூம்' என்று காட்டினால் விஷயம் புரிந்துவிடும். அந்தக் கடைக்குள் 25 கம்ப்யூட்டர்கள் ஒளிந்திருக்க வாய்ப்பில்லை. யாரோ ஒரு காலத்தில் 'சாதா' போட்டிருக்கிறார்கள்.

அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களின் கதை பெரும்பாலும் இங்கேதான் வெளிச்சத்துக்கு வருகிறது. எட்டு வருடம் முன்பு 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று ஒரு தொகை கொடுத்தார்கள். பில்லில் போர்டு, ராம், டிஸ்க், கீபோர்டு, மவுஸ் எல்லாம் இருக்கும். விண்டோஸ் என்ற வரி மட்டும் இருக்காது. உரிமம் பறிபோனதாக நினைப்பவர்களில் பலரிடம் பறிகொடுக்க ஆரம்பத்திலிருந்தே எதுவும் இருந்ததில்லை. போர்டு மாற்றும் நாள்தான் அவர்களுக்கு முதல் தணிக்கை நாள்.

பழைய விண்டோஸ் 7 ஸ்டிக்கரைப் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு ஏமாற்றம் உண்டு. 2015 ஜூலை 29 முதல் ஓராண்டு வரை விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு விண்டோஸ் 10 இலவசம். அந்தக் கெடு முடிந்த பின்னும் பழைய கீயைப் போட்டால் பல வருடம் ஏற்றுக்கொண்டது. 2023 செப்டம்பரில் அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். இன்று போர்டை மாற்றிவிட்டு அந்த ஸ்டிக்கரைத் தேய்த்துப் படிப்பதில் பயனில்லை.

செத்த லேப்டாப்பின் உரிமம்

லேப்டாப் போர்டு விஷயத்தில் இன்னொரு கூத்து நடக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் போர்டு மாற்றினால், புது போர்டின் பயாஸில் உங்கள் லேப்டாப்பின் சீரியல் எண்ணும் விண்டோஸ் உரிமமும் எழுதப்பட வேண்டும். அவசரத்தில் அது விட்டுப்போனால், வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் மூலையில் வாசகம் தோன்றும். பல வாடிக்கையாளர்கள் இதை வைரஸ் என்று நினைத்துப் பக்கத்துக் கடைக்குப் போய் மறுபடி காசு கொடுக்கிறார்கள். போக வேண்டிய இடம் அதே சர்வீஸ் சென்டர்தான். ஜாப் ஷீட்டைக் காட்டிக் கேட்டால் அவர்கள்தான் சரிசெய்து தர வேண்டும்.

வெளிக்கடையில் மாற்றும்போது நடப்பது நேர் எதிர். அங்கே கிடைப்பது பெரும்பாலும் திரை உடைந்தோ கீழே விழுந்தோ கழித்துக்கட்டிய இன்னொரு லேப்டாப்பின் போர்டு. அந்த லேப்டாப்பின் விண்டோஸ் கீ போர்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. உங்கள் லேப்டாப்பில் அதைப் பொருத்தியதும் விண்டோஸ் சத்தமில்லாமல் ஆக்டிவேட் ஆகிவிடுகிறது. யாரோ, எங்கோ, எப்போதோ கொடுத்த காசு. விதிமுறைப்படி இது சரியா என்று கேட்டால் வக்கீல்கள் தலையைச் சொறிவார்கள். மெஷினுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது.

48 இலக்கங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் எரிச்சல் ரகம். ஆக்டிவேட் ஆகாத விண்டோஸ் நின்றுவிடுவதில்லை. வால்பேப்பர், நிறம் போன்றவற்றை மாற்ற விடாது, மூலையில் வாசகம் இருக்கும், அவ்வளவுதான். பிரின்ட் எடுத்தால் அந்த வாசகம் தாளில் வராது. டேலி ஓடும், போட்டோஷாப் ஓடும். சட்டப்படி அப்படியே பயன்படுத்திக்கொண்டிருக்கக் கூடாது என்பது வேறு.

இழப்பு நேர்வது டிஸ்க் பூட்டில். பல வாடிக்கையாளர்களுக்கு அப்படி ஒரு பூட்டு இருப்பதே தெரியாது.

பிட்லாக்கர் என்பது டிஸ்கில் உள்ள எல்லாவற்றையும் குறியாக்கம் செய்து பூட்டும் வசதி. ஹோம் பதிப்பில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்ற பெயரில் அதன் எளிய வடிவம் இருக்கிறது. நோக்கம் நல்லது: லேப்டாப் திருடு போனால் டிஸ்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டி உங்கள் பான் கார்டு நகலையும் வங்கிக் கோப்புகளையும் எடுக்க முடியாது. பூட்டின் சாவியை டி.பி.எம். வைத்திருக்கிறது. தினமும் கம்ப்யூட்டரைப் போடும்போது அது போர்டையும் பயாஸையும் சரிபார்த்துச் சாவியைக் கொடுக்கிறது. நமக்கு எதுவும் தெரிவதில்லை. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் இதற்கான நிபந்தனைகளைத் தளர்த்தினார்கள். புதிதாக விண்டோஸ் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், முன்பைவிட மிக அதிகமான கம்ப்யூட்டர்களில் பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது.

போர்டு எரிந்தால் டி.பி.எம். அதோடு போகிறது. பழைய டிஸ்கைப் புது போர்டில் மாட்டினால் நீலத் திரையில் ஒரு கட்டம் தோன்றி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் பொதுவாக, விண்டோஸை முதன்முதலில் அமைத்தபோது பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கு யாருடையது? லேப்டாப் வாங்கிய அன்று கடைப் பையன் அவசரத்துக்கு உருவாக்கிய ஏதோ ஒரு மின்னஞ்சலாக இருக்கலாம். கல்லூரி கொடுத்த முகவரியாக இருந்து, படிப்பு முடிந்ததும் மூடப்பட்டிருக்கலாம். பழைய வேலையின் முகவரியாக இருக்கலாம். எண் இல்லையென்றால் மைக்ரோசாஃப்டே நினைத்தாலும் திறக்க முடியாது. டேட்டா ரெக்கவரி கடைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் அவருக்குக் கிடைப்பது குறியாக்கக் குப்பைதான். மூலையில் வாசகம் வந்தவர் கொஞ்சம் காசை இழக்கிறார். இந்தக் கட்டத்தில் மாட்டியவர் பிள்ளையின் பிறந்தநாள் படங்களையும் மூன்று வருடக் கணக்கையும் இழக்கிறார்.

ப்ராசஸரை மட்டும் மாற்றுகிறவர்களும் இதில் சிக்குவதுண்டு. ஏ.எம்.டி. கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டி.பி.எம். தனிச் சிப்பாக இல்லாமல் ப்ராசஸரின் ஃபர்ம்வேரிலேயே இருக்கிறது. புது ப்ராசஸரைப் போட்டு ஆன் செய்ததும், விண்டோஸுக்கும் முன்னால், கறுப்புத் திரையில் நாலைந்து வரி ஆங்கிலம் வரும்: பழைய சாவிகளை அழித்துவிடவா, வேண்டாமா? சர்வீஸ் பையனின் விரல் பழக்கதோஷத்தில் 'ஆம்' பட்டனை அழுத்தும். 48 இலக்க எண் கையில் இல்லாமல் அதை அழுத்துவது, பழைய ப்ராசஸரைத் திரும்பப் பொருத்தித் தப்பிக்கும் வாய்ப்பையும் சேர்த்து அழிப்பதாக முடியலாம்.

இந்த எண்ணின் அருமையை உலகம் 2024 ஜூலை 19-ஆம் தேதி ஒட்டுமொத்தமாக உணர்ந்தது. க்ரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பழுதான அப்டேட் ஒன்று, மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டில் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸை கையால் எழுதிக் கொடுத்த படங்கள் நினைவிருக்கும். பழுதான ஃபைலை அழிப்பது சில நிமிட வேலை. ஆனால் டிஸ்க் பூட்டியிருந்த ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் முதலில் அந்த 48 இலக்கங்களைத் தட்ட வேண்டியிருந்தது. பெரிய கம்பெனிகளின் ஐ.டி. துறைகளே திணறின. தனி ஆளுக்கு ஐ.டி. துறை ஏது?

[பெட்டிச் செய்தி] ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்

கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் மட்டுமே இவை சாத்தியம். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போய், டிஜிட்டல் லைசென்ஸ் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்திருக்கிறதா பாருங்கள். இணைந்திருந்தால், போர்டு மாற்றிய பின் அதே பக்கத்தில் ட்ரபுள்ஷூட் பட்டனை அழுத்தி 'சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பழைய கம்ப்யூட்டரின் பெயரைக் காட்டலாம். 2016-லிருந்து இந்த வசதி உண்டு. ரீடெய்ல் உரிமத்துக்குப் பெரும்பாலும் பலிக்கும், ஓ.ஈ.எம்.முக்கு உத்தரவாதமில்லை. எத்தனை முறையும் செய்யலாம் என்றும் இல்லை.

48 இலக்க எண்ணைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். அதே கம்ப்யூட்டரில் சேமிப்பது வீண். ஹார்டுவேர் வேலைக்கு முன் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதோ என்க்ரிப்ஷனை அணைத்துவிடுவதோ இன்னும் நல்லது.

டேலி வைத்திருந்தால், ஃபார்மேட் செய்யும் முன் லைசென்ஸை 'சரண்டர்' செய்துவிடுங்கள். பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் செய்த வேலைகள் இருந்தால் ஃபான்ட் ஃபோல்டரைத் தனியாக நகலெடுங்கள். எழுத்துரு போனால் பத்திரிகையில் மணமகள் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

'சாதா'வின் விலை

சர்வீஸ் மேசையில் 'சாதா' என்றால் ஆக்டிவேட்டர். வால்யூம் உரிமம் தரும் சர்வரைப் போல நடித்து, விண்டோஸை ஏமாற்றும் ஒரு சின்ன புரோகிராம். அதை ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடச் சொல்வார்கள். கம்ப்யூட்டரின் காவலைக் கழற்றிவைத்துவிட்டு, யார் எழுதினார்கள் என்று தெரியாத புரோகிராமுக்கு நிர்வாகி அதிகாரத்தையும் கொடுக்கிறோம். கேட்கும்போதே எங்கே போகிறது என்று தெரியவில்லையா? பிரபலமான ஆக்டிவேட்டர் ஒன்றின் பெயரில் உலவிய போலி இன்ஸ்டாலர்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் கிரிப்டோ வாலெட்டுகளையும் திருடும் மால்வேரை உள்ளே விட்டதை 2021-ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு புரோகிராமைப் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். லாப நோக்கமில்லாமல், வியாபாரத்துக்கு அல்லாமல் பயன்படுத்தியிருந்தால் சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு. பி.எஸ்.ஏ. என்ற மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2018-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2017-ல் இந்தியாவில் பயன்பாட்டிலிருந்த மென்பொருளில் 56 சதவீதம் உரிமம் இல்லாதது. விற்பவர்கள் போட்ட கணக்கு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். ஆனாலும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அரை நாள் நின்றவருக்கு அந்த எண் ஆச்சரியம் தராது.

ஒரிஜினலுக்கும் சாதாவுக்கும் நடுவே இப்போது மூன்றாவது ரகம் ஒன்று முளைத்திருக்கிறது: ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'ஒரிஜினல் கீ'. கீ உண்மையானதாகவே இருக்கும். எங்கிருந்து வந்தது என்பதுதான் மர்மம். கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரின் ஓ.ஈ.எம். கீயாக இருக்கலாம், ஏதோ நிறுவனத்தின் வால்யூம் கீயைப் பல பேருக்குப் பிரித்து விற்றதாக இருக்கலாம். இன்று ஆக்டிவேட் ஆகும். அடுத்த முறை போர்டு மாறும்போது ஆகுமா என்பதற்கு விற்றவர் பொறுப்பில்லை. அதற்குள் அவர் கடையின் பெயரே மாறியிருக்கும்.

முறைப்படி வாங்கியவர்களாவது நிம்மதியாக இருக்கிறார்களா என்றால், 2023-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் 10 ஆக்டிவேட் ஆகவில்லை என்று மைக்ரோசாஃப்ட் உதவி மையத்தை ஒருவர் அணுகினார். அவருடைய கம்ப்யூட்டருக்குள் தொலைவிலிருந்தே நுழைந்த உதவியாளர், இணையத்தில் கிடைக்கும் க்ராக் ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டி வேலையை முடித்துக்கொடுத்தார். நம் சர்வீஸ் பையனைக் குறை சொல்லும் முன் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

லக்சம்பர்க்கில் ஒரு நியாயம், டெல்லியில் ஒரு நியாயம்

காசு கொடுத்து வாங்கிய பொருளை வேறு போர்டில் போடக் கூடாது என்று விற்றவர் சொல்ல முடியுமா? இந்தக் கேள்வி நீதிமன்றங்களுக்குப் போயிருக்கிறது. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2000 ஜூலையிலேயே, ஓ.ஈ.எம். நகலைக் கம்ப்யூட்டரிலிருந்து பிரித்து விற்பதைத் தடுக்க மைக்ரோசாஃப்ட் தன் பதிப்புரிமையைக் காட்ட முடியாது என்று தீர்ப்பளித்தது. 2012 ஜூலை 3-ஆம் தேதி லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம், ஆரக்கிள் நிறுவனத்துக்கும் யூஸ்டுசாஃப்ட் என்ற பழைய உரிம வியாபாரிக்கும் நடந்த வழக்கில், டவுன்லோடு செய்து வாங்கிய காலவரையற்ற உரிமத்தைக்கூட மறுவிற்பனை செய்யலாம் என்றது. விற்பவர் தன் நகலை அழித்துவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. விண்டோஸின் உரிம ஒப்பந்தத்தைப் பொறுமையாகக் கடைசிவரை படித்தால், ஜெர்மனியில் வாங்கியவர்களுக்கென்று தனி ஏற்பாடு இருப்பது கண்ணில் படும்.

இந்தியாவில்? 2004-ல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பெட்டியில் வைத்து விற்கும் மென்பொருள் 'சரக்கு' என்று சொன்னது. 2021 மார்ச்சில் இன்ஜினியரிங் அனாலிசிஸ் வழக்கிலும், பயனர் ஒப்பந்தத்தோடு விற்கப்படும் மென்பொருளுக்குக் கொடுக்கும் காசு பதிப்புரிமைக்கான ராயல்டி ஆகாது, பொருளின் விலையே என்ற ரீதியில் முடிவு செய்தது. இரண்டும் வரி வழக்குகள். விற்பனை வரி போடும்போது அது சரக்கு. வீட்டுக்கு வந்து போர்டை மாற்றும்போது வெறும் அனுமதி. டி.டி.பி. கடைக்காரருக்கு ஏன் என்று புரியாவிட்டால் தப்பு அவர் மேல் இல்லை.

மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24-ஆம் தேதி பழுதுநீக்கும் உரிமைக்கான தளத்தைத் தொடங்கியது. உதிரிபாகங்கள், வாரன்டி என்று பேசுகிறார்கள், நல்லதுதான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-ல் ஒரு சட்டமே போட்டது: மாற்றிய உதிரிபாகத்தை மென்பொருளால் அடையாளம் கண்டு சாதனத்தை முடக்கிவைக்கும் தந்திரத்துக்குத் தடை. அந்தச் சட்டத்தின் குறி முதன்மையாகப் போன்கள்தான். ஆனால் போர்டை மாற்றினால் உரிமம் போய்விடும் என்ற ஏற்பாடும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதானே என்று இங்கே யாரும் உரக்கக் கேட்கவில்லை.

கீ கேட்காத பக்கம்

லினக்ஸ் போட்ட டிஸ்கைக் கழற்றிப் புது போர்டில் மாட்டினால், பெரும்பாலும் ஒன்றுமே நடக்காதது போல் எழுந்து ஓடும். ஆக்டிவேஷன் என்ற ஒன்றே கிடையாது. (டிஸ்கைக் குறியாக்கம் செய்திருந்தால் பாஸ்வேர்டு மறக்கக் கூடாது, அந்தப் பாடம் எல்லாருக்கும் பொது.) கேரளாவின் அரசுப் பள்ளிகள் பல வருடங்களாக லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன. எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி முடிந்தபோது, தமிழக அரசுத் துறைகளும் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அறிவுறுத்தப்பட்டன. அதை உருவாக்கியது சி-டாக்கின் சென்னை மையம். ஆனால் டேலியும் அடோபியும் பழைய பேஜ்மேக்கரும் இருக்கும் கடையில் லினக்ஸைப் பரிந்துரைக்க எனக்கு வாய் வரவில்லை. பிரவுசர், யூடியூப், பிள்ளைகளின் பாடம் என்று மட்டும் ஓடும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு, புது போர்டு வாங்கும் முன் ஒரு பென்டிரைவில் போட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

விண்டோஸ் 10-லேயே இருக்க விரும்பியவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஓராண்டு நீட்டிப்பு ஒன்றை அறிவித்தது. 30 டாலர் கட்டலாம், அல்லது கம்ப்யூட்டர் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து காசில்லாமல் பெறலாம். கெடு 2026 அக்டோபர் 13. அப்போதும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம்தான், மின்னலில் போர்டுகள் போகும் மாதம். புது போர்டு வாங்கப் போகிறவர்கள், ஜி.எஸ்.டி. பில்லில் விண்டோஸுக்கென்று தனியாக ஒரு வரி போடச் சொல்லி, அது ஓ.ஈ.எம்.மா ரீடெய்லா என்பதையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. மறுக்கிற கடையில் கிடைக்கப்போவது எந்த ரகம் என்பது அப்போதே தெரிந்துவிடும்.